ரெட் ஜானா, வாரா வாரம் வந்த கேஸா? பட்டிமன்றத்துல நான் பேசுனது

நடுவர் அய்யா அவர்களே, எனக்கு முன்னாடி பேசி கைத்தட்டல் மொத்தத்தையும் அள்ளிட்டுப் போன எதிரணித் தலைவி அக்கா அவர்களே, என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு "சுருக்கமா பேசு, மணி அடிச்சா நிறுத்து"ன்னு சொல்லி அனுப்புன எங்க அணித் தலைவர் அண்ணன் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு என்னன்னா, 'தி மென்டலிஸ்ட் தொடர் நம்ம மனசுல நின்னது ரெட் ஜான் மர்மத்தாலயா, தனித்தனி எபிசோடுகளாலயா?' நான் தனி எபிசோடு கட்சி. இன்னும் தொடரைப் பாக்காதவங்க யாராச்சும் இருந்தா வெளில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, ஏன்னா நான் கொலைகாரன் யாருன்னு சொல்லாம பேசப் போறதில்ல, அக்கா ஏற்கனவே பாதி சொல்லிட்டாங்க.

பாக்காம வந்து மாட்டிக்கிட்டவங்களுக்காக ஒரு நிமிஷம் கதை. 2008 செப்டம்பர்ல அமெரிக்காவுல சிபிஎஸ் சேனல்ல ஆரம்பிச்சு 2015 பிப்ரவரில முடிஞ்சது, ஏழு சீசன், மொத்தம் 151 எபிசோடு. உருவாக்குனவர் புரூனோ ஹெல்லர். சைமன் பேக்கர் நடிச்ச பேட்ரிக் ஜேன்தான் ஹீரோ, போலீஸ் இல்ல, ஒரு காலத்துல ஆவியோட பேசுறேன், மனசைப் படிக்கிறேன்னு ஊரை ஏமாத்தி சம்பாதிச்ச ஆள், டிவில உக்காந்து ரெட் ஜான்ங்கிற தொடர் கொலைகாரனைப் பத்தி இளக்காரமாப் பேசப்போக, அவன் ஜேனோட பொண்டாட்டியையும் சின்னப் பொண்ணையும் கொன்னுட்டு சுவத்துல ரத்தத்தால ஒரு சிரிக்கிற மூஞ்சி வரைஞ்சு வச்சிட்டுப் போயிடுறான். அன்னியிலேருந்து ஜேன் சாக்ரமென்டோல சிபிஐங்கிற கலிபோர்னியா புலனாய்வு ஆபீஸுக்கு ஆலோசகரா வந்து, அங்க அதிகாரியா இருக்குற லிஸ்பன்ங்கிற பொண்ணோட டீமோட சேந்து கேஸ் பாக்குறான். சிபிஐன்ன உடனே டெல்லி சிபிஐன்னு நினைச்சிடாதீங்க, நானும் முதல் பத்து நிமிஷம் அப்படித்தான் குழம்புனேன்.

இப்ப அக்கா என்ன சொன்னாங்க? "ரெட் ஜான் இல்லாட்டி ஜேன் யாரு? வெறும் வாய்ச்சொல் வீரன். அந்த வலிதான் கதை, மத்ததெல்லாம் நேரத்தை ஓட்டுறதுக்குப் போட்ட எபிசோடு"ன்னாங்க. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அய்யா நான் மேடை ஏறுனதே. நேரத்தை ஓட்டுறதுக்காம். கல்யாண வீட்ல நாலு நாள் சமைச்சுப் போட்டவங்களை விட்டுட்டு கடைசி நாள் மொய் எழுத உக்காந்தவரைப் புகழ்ற மாதிரி இருக்கு.

முதல் எபிசோடோட முதல் காட்சியையே எடுத்துக்குவோம், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு பொண்ணு கொலையாயிருக்கா, வீட்டு வாசல்ல கூட்டம், கேமரா, போலீஸு. ஜேன் யார்கிட்டயும் கேக்காம உள்ள போறான். நேரா சமையக்கட்டு. அங்க செத்துப்போன பொண்ணோட அம்மா. அவன் விசாரணை எதுவும் பண்ணல, டீ போட்டுத் தர்றான். அப்படியே அந்தம்மாகிட்ட மெதுவா பேச்சுக் குடுக்குறான், அவங்க மனசுல இருக்கறத ஒண்ணொண்ணா அவனே சொல்றான், அந்தம்மா ஆடிப்போயிடுறாங்க, கடைசில சந்தேகம் எங்க போய் நிக்குதுன்னா பெத்த அப்பன் மேல. அந்தாளு வந்து நிக்குறான், ஜேன் அவன் மூஞ்சிக்கு நேரா கேக்குறான், அவ்ளோதான், அந்தம்மா துப்பாக்கிய எடுத்து புருஷனை சுட்டுடுறாங்க. தலைப்புப் போடறதுக்கு முன்னாடி ஒரு கேஸ் ஆரம்பிச்சு ஒரு கேஸ் முடிஞ்சு ஒரு குடும்பமே போச்சு. இதுல ரெட் ஜான் எங்க இருக்கான் அய்யா? சுவத்துல மூஞ்சி இல்ல, லெட்டர் இல்ல. ஆனா ஜேன் யாருன்னு நமக்கு மொத்தமாத் தெரிஞ்சுடுச்சு: டீ போடுவான், பாசமாப் பேசுவான், ஆபத்தானவன். இந்த மூணையும் சொல்ல அவங்களுக்கு ஒரு சின்னத் தனிக் கேஸ் போதும்.

அதே முதல் எபிசோடுல அக்கா ரொம்ப ரசிச்சு சொன்ன இடமும் வருது, நானும் ரசிப்பேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு கொலை நடந்த ரூமுக்குள்ள ஜேன் போறான், சுவத்துல சிரிச்ச மூஞ்சி இருக்கு, எல்லாரும் ரெட் ஜான்தான்னு முடிவு பண்ணிட்டாங்க, இவன் மட்டும் இல்லங்கிறான். ஏன்னா ரெட் ஜான் எப்பவும் கதவைத் திறந்தா முதல்ல மூஞ்சிதான் கண்ணுல படற மாதிரி வரைவான், மூஞ்சியப் பாத்த உடனே என்ன நடந்திருக்குன்னு தெரிஞ்சு வயித்தக் கலக்கணும், அப்புறந்தான் பொணம் தெரியணும், அந்த வரிசை மாறவே மாறாது. இங்க பொணம் முதல்ல தெரியுது. அப்ப இது எவனோ காப்பி அடிச்சது.

எவ்ளோ பெரிய புத்தி பாருங்க. ஆனா நடுவர் அய்யா கவனிக்கணும், அந்தக் கேஸ்ல கொலைகாரன் ரெட் ஜான் இல்ல! ரெட் ஜானை வச்சு எழுதுன முதல் எபிசோடே ஒரு தனிக் கேஸ்தான். மிரட்டலுக்கு அவன் பேரு, உழைப்பு எங்க கட்சி.

சரி, இப்ப ஒரு நியாயத்துக்கு வர்றேன். துப்பறியும் கதைன்னா பாக்குறவனுக்கும் எழுதுறவனுக்கும் நடுவுல ஒரு ஒப்பந்தம் இருக்கு. கொலைகாரன் நம்ம கண்ணு முன்னாடி நடமாடணும், துப்பு நமக்கும் தெரிஞ்சிருக்கணும், கடைசில வெளிப்படும்போது "அடச்சே, கண்ணு முன்னாடிதான இருந்தான்"னு தலைல அடிச்சுக்கணும். விளம்பரம் போக நாப்பத்திரெண்டு நாப்பத்திமூணு நிமிஷத்துல வாரா வாரம் தனி எபிசோடு இந்த ஒப்பந்தத்தைக் காப்பாத்துச்சு. பொணம் கிடைக்கும், நாலஞ்சு பேர் வருவாங்க, ஜேன் ஒவ்வொருத்தனையும் சீண்டுவான், சோஃபால படுத்துக் கண்ண மூடிப்பான், லிஸ்பனுக்குக் கூட சொல்லாம ஒரு வலை விரிப்பான், அந்த நாலஞ்சு பேர்ல ஒருத்தன் வந்து விழுவான். சில சமயம் தெரிஞ்ச நடிகர் கெஸ்ட் ரோல்ல தலை காட்டுனாலே இவன்தான் கொலைகாரன்னு எங்க வீட்ல எல்லாரும் கத்துவோம், அது ஒரு குறைதான், ஒத்துக்கறேன். ஆனா ஏமாத்து வேலை இல்ல.

ரெட் ஜான் கதை என்ன பண்ணுச்சு? காதைப் பொத்திக்கிறவங்க இப்பப் பொத்திக்குங்க. ரெட் ஜான் யாருன்னு ஆறாவது சீசன் எட்டாவது எபிசோடுல, 2013 நவம்பர்ல, சொல்றாங்க. நாபா கவுன்ட்டி ஷெரிப் தாமஸ் மெக்காலிஸ்டர். எத்தனாவது எபிசோடுன்னு நான் கூட்டிப் பாத்தேன், 124. இந்த ஷெரிப்பு முதல் சீசன் ரெண்டாவது எபிசோடுல ஒரு தடவ வந்தாரு. அதுக்கப்புறம்? அஞ்சாவது சீசன் கடைசி எபிசோடு வரைக்கும் ஆளே காணோம். நூறு எபிசோடுக்கு மேல! அஞ்சு வருஷம்! நாம எல்லாம் டைரி போட்டு, யார் கைல மச்சம், யார் எந்த சைடு நின்னாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்த காலத்துல ஆளு ஃப்ரேம்லயே இல்ல. இல்லாதவன எப்படி அய்யா கண்டுபிடிக்கிறது? கண்ணாமூச்சி ஆடும்போது ஒருத்தன் ஒளிஞ்சிருந்தா விளையாட்டு, பஸ் ஏறி வேற ஊருக்கே போயிட்டா அதுக்குப் பேரு என்ன?

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச வேடிக்கை ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டாவது எபிசோடு, 'ரெட் ஹேர் அண்ட் சில்வர் டேப்', அது ரெட் ஜான் எபிசோடே இல்ல. திராட்சைத் தோட்டத்துல சிவப்பு முடிப் பொண்ணு ஒருத்தி கொலையாகிக் கிடக்குற தனிக் கேஸ். எங்க கட்சி எபிசோடு. அதுல ஷெரிப்பு சும்மா உள்ளூர் அதிகாரியா, ஊருக்குள்ள வெளியாளுங்க வந்துட்டாங்களேன்னு மூஞ்ச உம்முனு வச்சுக்கிட்டு நிப்பாரு. ஜேன் அவர்கூட ராக் பேப்பர் சிசர்ஸ், அதான் கைவிரலால கல்லு, காகிதம், கத்தரின்னு காட்டுற விளையாட்டு, அத விளையாடுவான். தோக்கடிப்பான், திரும்பத் தோக்கடிப்பான், ஷெரிப்புக்கு எப்படின்னே புரியாது. அவ்ளோதான் காட்சி. ஆக அக்கா, நீங்க அஞ்சு வருஷமாத் தேடுன ஆளு எங்க வீட்டுத் திண்ணைல உக்காந்து விளையாடிட்டுப் போனவரு. உங்க பெரிய மர்மத்துக்கு முடிச்சு போடறதுக்குக் கூட நீங்க எங்ககிட்டதான் கடன் வாங்க வேண்டியிருந்துச்சு!

(இந்த இடத்துல நல்ல கைத்தட்டல், அக்காவே சிரிச்சுட்டாங்க, அதனால எழுதுறேன்.)

அந்தப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் பேசும்போது தலைப்பையெல்லாம் ஆதாரமாக் காட்டுனாரு. "எபிசோடு பேர்ல எல்லாம் சிவப்பு வருது, அதனால ஒவ்வொரு எபிசோடும் ரெட் ஜான் எபிசோடுதான்"னாரு. தம்பி, சிவப்பு வருது உண்மைதான், ரெட், ஸ்கார்லெட், கிரிம்சன், பிளட்னு விதவிதமா வருது. முதல் சீசன்ல ஒரு எபிசோடு பேரு 'ரஸ்ஸட் பொட்டேட்டோஸ்'. அது உருளைக்கிழங்கு தம்பி. உருளைக்கிழங்குக்குள்ளயும் ரெட் ஜானா? அந்த எபிசோடுல என்ன நடக்குதுன்னு ஞாபகம் இருக்கா, ஹிப்னாடிஸம் பண்ணி லிஸ்பன் டீம்ல இருக்குற ரிக்ஸ்பிய மாத்திடுவாங்க, அவ்ளோ பெரிய உருவம் கூச்சமெல்லாம் போயி நேரா அதே டீம்ல இருக்குற வான் பெல்ட்டுங்கிற பொண்ணுக்கு முத்தம் குடுத்துடுவாரு. ஒரு சீசனா மனசுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தது ஒரு தனி எபிசோடுல வெளிய வந்துச்சு.

அதத்தான் நான் சொல்ல வர்றேன். தனி எபிசோடுன்னா தனியா நிக்குது, எதுக்கும் ஒட்டாதுன்னு நினைக்கிறீங்க. கேஸ்தான் முடியுது, மனுஷங்க முடியறதில்ல. ஜேனும் லிஸ்பனும் எப்படி ஒண்ணு சேந்தாங்க? ஆறாவது சீசன் கடைசி 'ப்ளூ பேர்ட்'ல அவன் பிளேனுக்குள்ளயே ஏறிப் போயி மனசத் திறந்தான், தெரியும், எல்லாரும் அழுதோம். ஆனா அந்த அழுகைக்கு அஸ்திவாரம் எங்க போட்டாங்க? முதல் சீசன்ல 'கார்னீலியன் இங்க்'னு ஒரு கம்பெனி ஆளுங்களோட கேஸ். அதுல ஜேன் லிஸ்பன்கிட்ட கண்ண மூடிக்கிட்டு அப்படியே பின்னாடி சாயி, நான் புடிச்சுக்கறேன்பான். அவ மாட்டேன்பா, போலீஸ்காரியாச்சே, அதுவும் இவன நம்பியா? நச்சரிச்சு நச்சரிச்சுக் கடைசில சாயுவா. புடிப்பான். ஒண்ணுமே இல்லாத காட்சி மாதிரி இருக்கும், கதைக்குத் தேவையே இல்ல, எடிட்டிங்ல தூக்கிருந்தாக் கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ரெண்டாவது சீசன்ல 'ரோஸ் கலர்டு கிளாசஸ்', பழைய ஸ்கூல் மாணவர் கூட்டத்துல கேஸ், அங்க ரெண்டு பேரும் ஆடுவாங்க. தப்பு பண்ணிட்டா காகிதத்துல தவளை செஞ்சு அவ மேசைல வைப்பான், அது எகிறிக் குதிக்கும், அவளுக்கு சிரிப்பு வரக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சுப்பா. இதெல்லாம் சேந்துதான் ஏழாவது சீசன் கடைசி 'வைட் ஆர்க்கிட்ஸ்'ல கல்யாணத்துல முடிஞ்சுது. ரெட் ஜான் எபிசோடுகள்ல ஜேன் லிஸ்பனுக்கு என்ன பண்ணுனான்? பொய் சொன்னான், மறைச்சான், விட்டுட்டு ஓடுனான். வாழ்ந்தது தனி எபிசோடுல.

இப்ப அக்காவோட பலமான ஆயுதத்துக்கு வர்றேன், மூணாவது சீசன் கடைசி. 2011 மே மாசம். மால்ல சாப்பாட்டுக் கடைங்க இருக்குற இடம், ஒரு மேசை, பேப்பர் படிச்சிட்டு இருக்குற ஒரு சாதாரண ஆளு, பிராட்லி விட்ஃபோர்ட் நடிச்சாரு. நான்தான் ரெட் ஜான்னு சொல்றான், பொண்டாட்டியப் பத்தி, பொண்ணப் பத்தி, அவங்க மேல வந்த வாசனை வரைக்கும் சொல்றான், ஜேன் கோட்டுக்குள்ளயே துப்பாக்கிய வச்சு சுட்டுட்டு, கூட்டம் அலறிட்டு ஓடும்போது அமைதியா அதே நாற்காலில திரும்ப உக்காருறான். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்தக் காட்சிக்கு முன்னாடி எங்க கட்சி எபிசோடு ஒண்ணும் நிக்காது, மேடைல நின்னு சொல்றேன், அய்யா குறிச்சுக்கலாம்.

ஆனா அடுத்து என்ன ஆச்சு? நாலாவது சீசன் திறந்த உடனே, அவன் ரெட் ஜான் இல்லன்னுட்டாங்க. ஆளு மாறிப்போச்சு, மர்மம் தொடரும். நமக்கு இலைல பாயசத்த ஊத்திட்டு, வாய்ல வைக்கிறதுக்குள்ள வழிச்சு எடுத்துட்டாங்க. ஏன்? தொடர் நல்லா ஓடுது, சேனலுக்கு வருஷத்துக்கு 22லேருந்து 24 எபிசோடு வேணும், ரெட் ஜானப் புடிச்சிட்டா எதை வச்சு இழுக்கறது? பெரிய மர்மத்துக்கு இதான் அய்யா வியாதி. முடிச்சா தொடர் போயிடும்னு பயம், முடிக்காட்டி ஆளுங்க போயிடுவாங்கன்னு பயம். அந்த இழுவைல ரெட் ஜானுக்கு மாசாமாசம் சக்தி கூடிட்டே போச்சு. வான் பெல்ட் கட்டிக்கப் போற மாப்பிள்ளையே அவன் ஆளு. அப்புறம் போலீசுக்குள்ளயே பிளேக் அசோசியேஷன்னு ரகசிய சங்கம், தோள்ல மூணு புள்ளி பச்சை குத்தல், 'டைகர் டைகர்'னு ரகசிய வார்த்தை. சாக்ரமென்டோல டோனட் விக்கிறவரைத் தவிர எல்லாரும் ரெட் ஜான் ஆளாயிட்டாங்க. ஒரு ஒத்த ஆளு இருட்டுல நின்னு வரைஞ்ச மூஞ்சிக்கு இருந்த பயம், உறுப்பினர் சந்தா கட்டுற சங்கத்துக்கு இருக்குமா?

ரெட் ஜானா இருக்கலாம்னு ஜேன் சந்தேகப்பட்ட ஏழு பேர் பட்டியல் இருக்கேன்னு கேப்பீங்க. ஸ்டைல்ஸ், பெர்ட்ரம், ஹாஃப்னர், ஸ்மித், கிர்க்லாண்ட், பார்ட்ரிட்ஜ், மெக்காலிஸ்டர். ஜேன் யாருக்கும் சொல்லாம மனசுல வச்சிருந்த ஏழு பேரும் அப்படியே ரெட் ஜான் அனுப்புன வீடியோல வருது. செம்ம இடம், எழுந்து நின்னு கத்துனேன். அப்புறம் உக்காந்து யோசிச்சேன், அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? தொடர் முடிஞ்சு இவ்ளோ வருஷமாச்சு, இன்னிக்கு அக்கா பேசும்போதாவது வயித்துக்கு நிறையற மாதிரி ஒரு விளக்கம் வரும்னு காது குடுத்து உக்காந்திருந்தேன். வரல. ஒரு தனி எபிசோடு இப்படி ஒரு ஓட்டையோட முடிஞ்சிருந்தா அடுத்த நாளே கிழிச்சுத் தொங்க விட்டிருப்போம், பெரிய மர்மம்னா மட்டும் "அது ஆழம்"னு சொல்லிக்கறோம்.

கடைசில எப்படிப் புடிச்சான்? ஒரு புறா. ஆமா, மெக்காலிஸ்டருக்குப் பறவைன்னா பயம், ஜேன் மறைச்சு வச்சிருந்த புறாவப் பறக்க விடுறான், அவன் பதறுன அந்த ஒரு நொடில சுடுறான். அப்புறம் துரத்திட்டு ஓடி, கையாலயே கழுத்த நெரிக்கிறான். இந்தப் புறா வித்தை எங்க கத்துக்கிட்டது? வாரா வாரம் கேஸ்ல! ஒவ்வொரு கொலைகாரனோட சின்ன பயத்தையும் கண்ணால பாத்து, அத வச்சே வலை விரிச்சு விரிச்சுப் பழகுன கை அது. எதிரணிக்கு நான் குடுக்குற ரெண்டாவது கடன் ரசீது இது.

நடுவர் அய்யா மணிய கையில எடுத்துட்டீங்க, பாக்குறேன், இன்னும் ரெண்டு நிமிஷம் குடுங்க, முக்கியமான சாட்சி இருக்கு.

அக்கா ஷெர்லாக் ஹோம்ஸ இழுத்தாங்க, அந்தக் கதைல வர்ற பெரிய வில்லனச் சொல்லி "மோரியார்ட்டி இல்லாம ஹோம்ஸ் ஏது"ன்னாங்க. நல்ல வேளை இழுத்தீங்க. ஹோம்ஸ எழுதுன கோனன் டாயில் தன் வாழ்க்கைக் கதைல எழுதிருக்காரு, பத்திரிகைல தொடர்கதை போட்டா ஒரு இதழ் விட்டுப்போனவனுக்கு ஆர்வம் போயிடும், அதனால ஆளு ஒருத்தன், ஆனா ஒவ்வொரு இதழ்லயும் கதை முழுசா முடியணும்னு யோசிச்சேன்னு. 1891 ஜூலைலேருந்து ஸ்ட்ராண்ட் பத்திரிகைல அப்படித்தான் வந்துச்சு. மொத்தம் 56 சிறுகதை. மோரியார்ட்டி எதுக்குப் பொறந்தான்? 1893ல டாயிலுக்கு ஹோம்ஸ் எழுதி எழுதி சலிச்சுப்போச்சு, ஆளத் தீத்துக்கட்டணும், அதுக்கு ஒரு ஆளு வேணும். பெரிய வில்லனக் கொண்டாந்ததே ஹீரோவுக்குப் பால் ஊத்தறதுக்குதான் அக்கா!

டிவிலயும் பாருங்க. கொலம்போன்னு ஒரு துப்பறியும் தொடர், பீட்டர் ஃபாக் நடிச்சாரு, அந்தக் கசங்குன மழைக்கோட்டு. கொலைகாரன் யாருன்னு முதல்லயே காட்டிடுவாங்க, மர்மமே கிடையாது, எபிசோடுக்கு எபிசோடு தொடர்ச்சியும் கிடையாது, 1968லேருந்து 2003 வரைக்கும் விட்டு விட்டு 69 எபிசோடு. வழக்கமான தொடரா ஆரம்பிச்ச 1971ல முதல் எபிசோடு டைரக்ட் பண்ணுன சின்னப் பையன் பேரு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இந்தப் பக்கம் ட்வின் பீக்ஸ்னு ஒரு தொடர், 1990ல ஊரே "லாரா பாமரக் கொன்னது யாரு"ன்னு கேட்டுச்சு, அதே வருஷம் நவம்பர்ல சொன்னாங்க, அடுத்த ஜூன்ல கடை மூடியாச்சு. கேள்வி மட்டுமே கதைன்னா பதில் வந்த அன்னிக்கு எல்லாரும் எழுந்து போயிடுவாங்க.

"மென்டலிஸ்ட்லயும் ரெட் ஜான் போனதும் கூட்டம் போச்சுல்ல"ன்னு தம்பி முணுமுணுக்கறது காதுல விழுது. ஏழாவது சீசன் 13 எபிசோடுதான் குடுத்தாங்க, உண்மை. ஆனா ரெட் ஜான் செத்ததுக்கு அப்புறம் 27 எபிசோடு ஓடுச்சு தம்பி. கதை ரெண்டு வருஷம் தாண்டிக் குதிச்சு, டெக்சாஸ் ஆஸ்டின், எஃப்பிஐ ஆபீஸு, புது பாஸ் அபாட். எபிசோடு பேர்ல கூட சிவப்பு போயி நீலம் பச்சை வெள்ளை வந்துச்சு. ஜேன் அங்கயும் வந்து சோஃபா கேட்டான், டீ கேட்டான், கேஸ் பாத்தான். ரெட் ஜான்தான் உயிருன்னா உயிரு போன பொணம் 27 எபிசோடு நடந்துச்சா? நீங்க எல்லாருமே பாத்தீங்கல்ல? பாக்காமயா இங்க வந்து கல்யாணக் காட்சில அழுதேன்னு சொன்னீங்க?

மணி அடிச்சாச்சு. ஒரே ஒரு விஷயம் அய்யா, வீட்டு விஷயம், சொல்லிட்டு இறங்கிடுறேன்.

எங்க அம்மா இந்தத் தொடர வரிசையாப் பாத்ததே இல்ல. நான் போட்டிருக்கும்போது கொத்தமல்லி ஆஞ்சுக்கிட்டே வந்து உக்காருவாங்க, இங்கிலீஷ் பாதிதான் புரியும், மீதிய என்னை நிறுத்த வச்சுக் கேப்பாங்க. அவங்களுக்கு ஜேன் பேரு தெரியாது, "டீக்காரத் தம்பி"ம்பாங்க. ரெட் ஜான் யாருன்னும் தெரியாது, நானும் சொன்னதில்ல, அந்த எபிசோடுகள் வந்தா "இது சாவு வீடு மாதிரி இருக்கு, வேற போடு"ம்பாங்க. அப்படி இருக்கும்போது ஒரு நாள் நான் அந்த 124வது எபிசோட மூணாவது தடவையாப் பாத்துட்டு இருக்கேன். மெக்காலிஸ்டர் கீழ கிடக்குறான், ஜேன் கை அவன் கழுத்துல இருக்கு, எனக்கு ரோமமெல்லாம் நிக்குது. அம்மா ஸ்க்ரீன உத்துப் பாத்துட்டு, "இவனா, அன்னிக்கு விரல நீட்டி நீட்டி விளையாடித் தோத்துப்போனானே அந்தப் போலீசுதான?"ன்னாங்க.

எனக்கு வாயே வரல. ரெண்டாவது எபிசோடு, என்னைக்கோ ஒரு மத்தியானம் பாத்தது.

"ஆமாம்மா, அவன்தான் பெரிய கொலைகாரன்"ன்னேன்.

"அப்படியா"ன்னுட்டு கொத்தமல்லித் தட்ட எடுத்துக்கிட்டு எழுந்தாங்க. சமையக்கட்டு வரைக்கும் போயிட்டு திரும்பிப் பாத்து, "சரி, அடுத்த கேஸு என்னன்னு போடு, நான் டீ வச்சுட்டு வர்றேன்"ன்னாங்க.

வணக்கம்.